படிவத்தில் ‘பரவாயில்லை’ என்று எழுதாதீர்கள்

கேள்வி: லண்டனுக்கு வந்து நான்கரை வருடம். கணவர் பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர். எனக்கு இன்னும் நிரந்தர வதிவிடம் கிடைக்கவில்லை. இங்கே பிறந்த மகனுக்கு மூன்றே முக்கால் வயது. இன்னும் பேசவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. நர்சரியில் சுவரோரமாகவே நடக்கிறான், சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிறான். ஆட்டிசமாக இருக்கலாம் என்று நர்சரி ஆசிரியை சொன்னார். எங்கே தொடங்குவது? வீட்டில் தமிழை நிறுத்த வேண்டுமா? எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களைச் சேர்த்து ஒரு குழு தொடங்க முடியுமா? ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட்டிவரச் சொல்லி அம்மா கேட்கிறார். போகலாமா?

பதில்:

தங்கச்சி, என் மகனுக்கு இப்போது 19 வயது. அவனும் நர்சரியில் சுவரோரமாக நடந்தவன்தான். நான் டொக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. இந்த நாட்டுப் படிவங்களோடு 16 வருடம் மல்லுக்கட்டியவள். இப்போது சனிக்கிழமைகளில் மற்றப் பெற்றோருக்குப் பக்கத்தில் இருந்து அதே படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறேன். நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்குத்தான். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு. கனடாவில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் ஓட்டிசம் என்று எழுதுவார்கள். தமிழ்நாட்டில் மதியிறுக்கம் என்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. என் மகனின் மதியில் இறுக்கம் எதையும் நான் கண்டதில்லை. ஆட்டிசம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்த நாட்டில் நம் குடும்பங்களைக் கவிழ்க்கிற தமிழ்ச் சொல் எது என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்பேன். சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் தாதி, ஹெல்த் விசிட்டர், வீட்டுக்கு வருகிறார். சாப்பிடுகிறானா? பரவாயில்லை. தூக்கம்? பரவாயில்லை. தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பிவைக்கிறோம். அவர் கணினியில் ‘பெற்றோருக்குக் கவலை எதுவும் இல்லை’ என்று ஏற்றிவிட்டுப் போகிறார். வீட்டுக்கு வந்தவர் முன்னால் பிள்ளையின் குறையைச் சொல்லக்கூடாது என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். அதே வாயோடுதான் படிவத்துக்கும் பதில் சொல்கிறோம். மூன்று வருடம் கழித்து உதவி கேட்டுப் போனால், பழைய பதிவைத் திறந்து, அப்போது எல்லாம் சரியாக இருந்ததே என்பார்கள். எனக்கு அது நடந்தது.

ஆகவே இன்றைக்கே ஒரு கொப்பியை எடுங்கள். 14 நாள் எழுதுங்கள். இரவு எத்தனை மணிக்கு எழும்பினான், எவ்வளவு நேரம் விழித்திருந்தான், என்ன சாப்பிட்டான், எதை மட்டும் சாப்பிட்டான், ஒரு உடுப்பை மாட்ட எத்தனை நிமிடம் எடுத்தது, றோட்டில் எத்தனை தரம் கையை உதறிவிட்டு ஓடினான். தமிழில் எழுதினால் போதும். பின்னால் வரும் எல்லாப் படிவங்களுக்கும் இந்தக் கொப்பிதான் கிணறு.

இனி முதற் படி. ஜி.பி. என்ற குடும்ப டொக்டரிடமோ ஹெல்த் விசிட்டரிடமோ போய் இரண்டு விஷயம் கேளுங்கள்: செவிப்புலன் பரிசோதனை, குழந்தை வளர்ச்சி டொக்டருக்குப் பரிந்துரைக் கடிதம். பேசாத பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பேச்சுச் சிகிச்சைக்குப் பல இடங்களில் பெற்றோரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்தாலும், டொக்டரோடு இது பற்றிக் கதைக்கிற நாளில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அதற்குக் காசு இல்லை. ‘அவன் ஒரு மாதிரிப் பார்ப்பான்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லித் தவித்தவள் நான்.

ஆட்டிசம் என்று எழுத்தில் தருவதற்கு வருடக்கணக்கில் இழுக்கும். பரிந்துரை போய் மூன்று மாதத்துக்குள் மதிப்பீடு தொடங்க வேண்டும் என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி சொல்கிறது. நடைமுறையில் ஒரு வருடம், இரண்டு வருடம், சில இடங்களில் இன்னும் கூட. பெரும்பாலான குடும்பங்கள் இந்தக் காத்திருப்பில் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுகின்றன. தேவையே இல்லை. கீழே சொல்லப்போகிற இரண்டு பெரிய உதவிக்கும் டொக்டரின் முடிவுக் கடிதம் கட்டாயம் கிடையாது.

ஒன்று பணம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கான டிஸெபிலிட்டி லிவிங் அலவன்ஸ், டி.எல்.ஏ. என்பார்கள். பெற்றோரின் சம்பளத்தைப் பார்க்க மாட்டார்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டில் கவனிப்புப் பகுதிக்கு வாரம் 29.20, 73.90, 110.40 பவுண் என்று மூன்று படி. நடமாட்டப் பகுதி தனி. படிவத்தை இணையத்தில் இறக்குவதைவிட தொலைபேசியில் கேட்டு வாங்குங்கள். கேட்ட நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் நிரப்பி அனுப்பினால், கேட்ட நாளையே விண்ணப்ப நாளாக எடுப்பார்கள்.

அந்தப் படிவம் ஒரு சின்னப் புத்தகம். கேள்வி எல்லாம் சுற்றிச் சுற்றி ஒன்றுதான்: அதே வயதுப் பிள்ளைகளைவிட உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு கூடுதல் கவனிப்புத் தேவை? ‘சின்னப் பிள்ளைதானே, எல்லாப் பிள்ளைக்கும் சாப்பாடு தீத்தத்தான் வேண்டும்’ என்று நாம் விட்டுவிடுகிற இடம் இது.

போன வருடம் ஒரு தாயோடு இருந்து இதை நிரப்பினேன். இரவில் உதவி தேவையா என்ற கேள்விக்கு, ‘இல்லை அக்கா, தூங்குவான்’ என்றார். எத்தனை மணிக்கு? ‘பத்தரைக்கு.’ பிறகு? ‘ஒன்றரைக்கு எழும்புவான். தன்ர பாட்டுக்கு மேலும் கீழும் நடப்பான். கரைச்சல் ஒன்றும் இல்லை. நான் கீழ்ப்படியில் இருப்பன்.’ ஏன் கீழ்ப்படியில்? ‘கதிரையை இழுத்துப் போட்டு முன்கதவைத் திறக்கப் பழகிவிட்டான்.’ எத்தனை மணி வரைக்கும்? ‘நாலு, நாலரை.’ வாரத்தில் எத்தனை நாள்? விரலை மடக்கி எண்ணினார். ஐந்து. அந்தத் தாய் காலை ஆறரைக்கு வேலைக்குப் போகிறவர்.

‘தூங்குவான்’ என்ற இடத்தில் நாங்கள் எழுதியது இது: வாரத்தில் ஐந்து இரவு 1.30 முதல் 4.30 வரை விழித்திருக்கிறான். முன்கதவைத் திறந்து இரண்டு தரம் தெருவுக்குப் போயிருக்கிறான். அந்த மூன்று மணி நேரமும் பெரியவர் ஒருவர் விழித்திருந்து காவல் இருக்க வேண்டும். ஒரு எழுத்துக் கூட்டிச் சொல்லவில்லை. பகலிலும் இரவிலும் கவனிப்புத் தேவை என்று ஏற்று உயர்ந்த படியைக் கொடுத்தார்கள்.

உங்கள் விசாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விசாவில் இருக்கும் பலர் கேட்கக்கூடாத அரச உதவிகளுக்குப் ‘பொதுநிதி’ என்று ஒரு பட்டியல் உண்டு; டி.எல்.ஏ. அதில் வரும். உங்களுக்குப் பொதுநிதித் தடை இருக்கலாம். ஆனால் இது பிள்ளையின் பெயரில் வரும் உதவி, உங்கள் பிள்ளை பிரிட்டிஷ் பிரஜை. விண்ணப்பத்தைக் கணவர் செய்யட்டும். பராமரிப்பவருக்குக் கொடுக்கும் கேரர்ஸ் அலவன்ஸை மட்டும் உங்கள் பெயரில் கேட்டுவிடாதீர்கள். நிரந்தர வதிவிடம் கிடைக்கும்போது தலைவலியாகும். ஐயம் இருந்தால் பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரைப் பாருங்கள். தமிழ்க் கடையில் சந்தித்த அண்ணர் சொன்னார் என்பது ஆலோசனை ஆகாது. பெற்றோரும் பிள்ளையும் எல்லாருமே வேலை விசாவில் வந்த குடும்பம் என்றால் கதை வேறு, அவர்கள் டி.எல்.ஏ.யைத் தொடக்கூடாது. பள்ளி, இலவச மருத்துவம், கீழே சொல்லும் கல்வித் திட்டம் ஆகியவை பொதுநிதி இல்லை. பெற்றோரோடு இங்கே வாழ விசா வாங்கி வந்த பிள்ளைக்கும் அவற்றைக் கேட்கலாம். பயந்துபோய் இதையும் கேட்காமல் இருக்கும் குடும்பங்கள் ஏராளம்.

இரண்டாவது அந்தக் கல்வித் திட்டம். கல்வி, சுகாதாரம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்து எழுதும் சட்டபூர்வமான ஆவணம், எல்லாரும் இ.எச்.சி.பி. என்பார்கள். 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டத்தில் வந்தது, 25 வயது வரை நீளலாம். 2025 ஜனவரிக் கணக்கில் இங்கிலாந்தில் 6 லட்சத்து 38 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் இது இருந்தது. இதை மாற்றியமைக்கப்போவதாக அரசாங்கம் பேசிக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டுப் பொறுத்திருக்காதீர்கள். மகன் பள்ளிக்குப் போகும் நேரம் வருகிறது.

பள்ளிதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று உங்களிடம் சொல்வார்கள். பொய். பெற்றோரே உள்ளூராட்சிக் கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். மூன்று வரி போதும்: என் மகனுக்குச் சிறப்புக் கல்வித் தேவைகள் உள்ளன அல்லது இருக்கக்கூடும், அவற்றுக்கான ஏற்பாடு இ.எச்.சி.பி. மூலம் தேவைப்படலாம்; 2014 சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி மதிப்பீடு செய்யுமாறு கேட்கிறேன். நர்சரி எழுதிய குறிப்பையும் உங்கள் கொப்பியிலிருந்து இரண்டு பக்கத்தையும் சேர்த்து விடுங்கள். மதிப்பீடு செய்வதா இல்லையா என்று ஆறு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். எல்லாம் சேர்த்து 20 வாரத்துக்குள் திட்டம் கைக்கு வர வேண்டும். 2024இல் அந்த நேரத்துக்குள் வந்தது பாதிக்கும் குறைவு. ஆனாலும் திகதியைக் கலண்டரில் குறித்துவைத்து, தாண்டிய மறுநாளே எழுதுங்கள். அழுகிற பிள்ளைக்குத்தான் பால்.

மறுப்புக் கடிதம் வரலாம். அதில் வழமையாக இருக்கும் காரணங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன்: டொக்டரின் முடிவு இன்னும் வரவில்லை; பள்ளி தன் பங்காக முதலில் 6,000 பவுண் செலவழித்ததைக் காட்ட வேண்டும்; பிள்ளை இன்னும் சின்னவன். இந்த மூன்றும் சட்டம் கேட்கும் நிபந்தனைகள் இல்லை. கடிதத் திகதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள், சமரசப் பேச்சுக்கான சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொண்டு, சிறப்புக் கல்வித் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் தேவையில்லை. சமீப வருடங்களில் விசாரித்து முடிவுசொன்ன வழக்குகளில் நூற்றுக்கு 95க்கு மேல் முழுமையாகவோ பகுதியாகவோ பெற்றோர் பக்கம்தான் முடிந்தன. காத்திருப்பு நீளம், அதுதான் கொடுமை. இப்ஸியா என்ற தொண்டு நிறுவனம் இலவசமாகச் சட்ட ஆலோசனை தருகிறது. அவர்களுடைய மாதிரிக் கடிதங்களைத் தயக்கமில்லாமல் எடுத்துப் பாவியுங்கள். ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் சென்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவையும் இருக்க வேண்டும்.

திட்டத்தின் வரைவு வந்ததும் ‘எஃப்’ பகுதிக்குப் போங்கள். மற்றதெல்லாம் பிறகு. அங்கே எழுதியிருப்பதைத்தான் கவுன்சில் சட்டப்படி செய்துகொடுத்தாக வேண்டும். என் மகனின் முதல் திட்டத்தில் ‘பேச்சுச் சிகிச்சையாளரின் ஆலோசனை பெறும் வாய்ப்பு இருக்கும்’ என்று இருந்தது. வாசித்துவிட்டு மகிழ்ந்துபோய், மற்ற நாள் பள்ளிக்கு வடை சுட்டுக்கொண்டு போனேன். அந்த வருடம் முழுக்க ஒரு சிகிச்சையாளர் இரண்டு தரம் வந்து ஆசிரியையோடு கதைத்துவிட்டுப் போனார். பிள்ளையைத் தொடவே இல்லை. கேட்டபோது, ஆலோசனை பெறும் வாய்ப்பு இருந்தது, பெற்றோம் என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். அடுத்த வருடம் சண்டைபிடித்து மாற்றினேன்: பேச்சுச் சிகிச்சையாளர் வாரத்தில் ஒரு நாள் 45 நிமிடம் நேரில், பள்ளித் தவணை முழுக்க. யார், எத்தனை தரம், எவ்வளவு நேரம். இந்த மூன்றும் இல்லாத வரி வந்தால் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பி அனுப்புங்கள். அதற்குக் குறைந்தது 15 நாள் தருவார்கள்.

மற்ற உதவிகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 ஆகஸ்டிலிருந்து புளூ பேட்ஜ் என்ற வாகனத் தரிப்பு அட்டை ஆட்டிசம் போன்ற வெளியே தெரியாத குறைபாடுகளுக்கும் கிடைக்கும். ஜன்னல் பூட்டு, வேலி, குளியலறை போன்ற வீட்டு மாற்றங்களுக்கு 30,000 பவுண் வரைக்கும் மானியம் உண்டு. பிள்ளைக்காக என்றால் வருமானம் பார்க்க மாட்டார்கள். கவுன்சிலின் சமூகசேவைப் பிரிவிடம் பிள்ளைக்கும் உங்களுக்கும் தேவை மதிப்பீடு கேளுங்கள். சமூகசேவை என்றதும் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போவார்கள் என்று நம்மவர் நடுங்குவது எனக்குத் தெரியும். ஊனமுற்ற பிள்ளைகளுக்கு என்றே தனிப் பிரிவு இருக்கும், அங்கே போங்கள். அவர்கள் ஒத்துக்கொண்டால் உதவியாளரை வைத்துக்கொள்ளப் பணத்தையே உங்கள் கையில் தருவார்கள். அந்தப் பணத்தில் தமிழ் பேசும் ஒருவரையே வேலைக்கு வைக்கலாம். எங்கள் வீட்டுக்கு ஐந்து வருடமாக வருபவர் பருத்தித்துறைக்காரி. என் மகன் புட்டைக் குழைத்துச் சாப்பிடப் பழகியது அவரிடம்தான், என்னிடம் இல்லை.

அப்புறம் தமிழ். நிறுத்த வேண்டாம்.

எங்களுக்கு ஒரு நர்சரி ஆசிரியை, ஒரே மொழி என்றால் பிள்ளைக்குக் குழப்பம் குறையும் என்றார். நல்ல மனுசி, நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நாங்கள் எட்டு மாதம் எங்கள் உடைந்த ஆங்கிலத்தில் அவனோடு பேசினோம். ஒருவரும் பாட்டுப் பாடவில்லை, ஒருவரும் அவனைச் செல்லமாக ஏசவில்லை. எங்களுக்கு ஆங்கிலத்தில் செல்லமாக ஏசத் தெரியாது. வீடு வங்கி மாதிரி இருந்தது. அம்மம்மா வாயையே திறக்கவில்லை. இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு ஒரு மொழிப் பிள்ளைகளைவிடப் பேச்சு பிந்துகிறது என்று இதுவரை வந்த ஆய்வுகள் காட்டவில்லை. இந்த நாட்டுப் பேச்சுச் சிகிச்சையாளர்களின் அரச கல்லூரியும் வீட்டு மொழியைத் தொடரத்தான் சொல்கிறது. படங்களைக் காட்டிப் பேசும் முறையையும் மகாட்டன் என்ற கைச்சைகைகளையும் பள்ளியில் பழக்குவார்கள். அதே படத்தையும் சைகையையும் வீட்டில் தமிழ்ச் சொல்லோடு காட்டுங்கள். ‘தண்ணி’ என்று சொல்லிக்கொண்டு சைகை காட்டினால் சைகைக்கு மொழிபேதம் தெரியாது.

சில பிள்ளைகள் யூடியூப்பிலிருந்து அமெரிக்க ஆங்கிலத்தை அப்படியே பிடித்துக்கொள்வார்கள். உங்கள் மகன் ஒரு நாள் திடீரென்று அந்த உச்சரிப்பில் நிறங்களின் பெயரை ஒப்புவித்தால் பயப்படாதீர்கள். அதையும் பேச்சாக எடுத்துக்கொண்டு தமிழில் பதில் சொல்லுங்கள்.

சிகிச்சை என்ற பெயரில் வருபவை பற்றி ஒரே ஒரு பத்தி. உறவினர்கள் வாட்ஸப்பில் அனுப்பத் தொடங்குவார்கள்: கோதுமையை நிறுத்து, பாலை நிறுத்து, இரத்தத்திலிருந்து உலோகத்தை எடு, ஒக்சிஜன் அறையில் வை, இந்தியாவில் ஸ்டெம்செல் போடு. இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி உலோகம் நீக்கும் கீலேஷனையும் ஒக்சிஜன் அறையையும் ஆட்டிசத்துக்குப் பாவிக்கவே வேண்டாம் என்கிறது. உணவை நிறுத்திவைக்கும் பத்தியங்களும் ஆட்டிசத்தின் அடிப்படைக் குணங்களுக்கு வேண்டாம் என்கிறது. உங்கள் மகன் ஏற்கனவே நாலு சாப்பாடுதான் சாப்பிடுவான் என்று நினைக்கிறேன். அதில் இரண்டைப் பறிக்காதீர்கள்.

இனி குழு. உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்தது இதுதான்.

இங்கிலாந்துப் பள்ளிகளின் 70 லட்சம் மாணவர் பதிவுகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வு, 57 பிள்ளைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் என்று கணக்கிட்டது. 300 பிள்ளைகள் படிக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொண்டால் ஐந்து பேர் இருக்க வேண்டும். ஆண்டு விழா மேடையில் அந்த ஐந்து பேரை நான் கண்டதில்லை. வீட்டில் இருக்கிறார்கள். தமிழ்ப் பள்ளியும் சேவை வழங்கும் இடம்தான். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, இயலாத பிள்ளைக்காக நியாயமான மாற்றங்களைச் செய்ய அதுவும் கடமைப்பட்டது. இதைச் சொன்னபோது ஒரு அதிபர் ஆச்சரியப்பட்டார். பிறகு பின்வரிசையில் ஒரு சின்ன மேசையும், விரும்பியபோது எழுந்து நடக்க அனுமதியும் கொடுத்தார். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

நாங்கள் குழு தொடங்கியபோது கோவில் பலகையில் ‘ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம்’ என்று ஒட்டினோம். இரண்டு பேர் வந்தார்கள், அதில் ஒருவர் என் தங்கை. பலகைக்கு முன்னால் நின்று தொலைபேசி எண்ணைக் குறிப்பதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிடுவாளே. மறுமாதம் ‘பேச்சுப் பிந்திய பிள்ளைகள்: பள்ளிப் படிவங்கள் நிரப்ப உதவி’ என்று மாற்றினோம். ஒன்பது குடும்பம் வந்தது. அழுவதற்கு யாரும் வெளியே வரமாட்டார்கள், படிவத்துக்கு வருவார்கள். வந்த பிறகு அழுதார்கள், அது வேறு.

நிர்வாகக் குழு தெரிவோடு தொடங்காதீர்கள். தலைவர், உபதலைவர், செயலாளர், காப்பாளர் என்று தெரிவுசெய்து, மூன்றாம் மாதம் இரண்டாக உடைந்த சங்கங்களை நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம். நூலகத்திலோ தேவாலய மண்டபத்திலோ ஒரு அறை, மாதத்தில் ஒரு தரம், கேத்தல், படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர். அறைக்கு ஒரே கதவு இருக்க வேண்டும், அந்தக் கதவுக்குப் பக்கத்தில் யாராவது ஓர் அப்பா இருக்க வேண்டும். அப்பாமாரைக் கொண்டுவர வேறு வழி தெரியவில்லை எங்களுக்கு. கதவுக் காவல் என்ற வேலை கொடுத்ததும் வந்தார்கள். மூன்றாவது மாதத்தில் கதவடியில் நின்று ஒருவரோடு ஒருவர் கதைத்தார்கள்.

ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் மற்றதைச் செய்யுங்கள். இரண்டு பக்கத்தில் ஒரு யாப்பு, இரண்டு பேர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு, காப்புறுதி, பிள்ளைகள் பாதுகாப்புக் கொள்கை. பிள்ளைகளோடு தனியாக இருக்கும் தொண்டர்களுக்கு டி.பி.எஸ். என்ற பொலிஸ் பதிவுச் சோதனை வேண்டும். தொண்டர்களுக்கு அது இலவசம். தேசிய லொத்தர் நிதியில் சிறு குழுக்களுக்கு 300 முதல் 20,000 பவுண் வரை கேட்கும் திட்டம் இருக்கிறது. பொதுவாக வருட வருமானம் 5,000 பவுணைத் தாண்டினால்தான் தொண்டு நிறுவனமாகப் பதிய வேண்டிய கடமை வருகிறது. அதுவரை அந்தத் தலைவலி எதற்கு? அதோடு, இங்கிலாந்தின் ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் பெற்றோர் பராமரிப்பாளர் மன்றம் என்று ஒன்று அரசின் சிறு நிதியோடு இயங்கும். கவுன்சில் அதிகாரிகள் அவர்களைக் கேட்டுத்தான் சேவைகளைத் திட்டமிட வேண்டும். நம் பகுதி மன்றத்துக்கு நான் முதன்முதலாகப் போனபோது அந்த அறையில் சேலை கட்டியவள் நான் ஒருத்திதான். உங்கள் குழுவிலிருந்து ஒருவரையாவது அனுப்புங்கள்.

குழுவால் நடந்த சின்ன வேலை ஒன்று. எங்கள் பிள்ளைகளுக்கு முடிவெட்டுவது என்றால் மூன்று பேர் பிடிக்க வேண்டும். மெஷின் சத்தம். ஒரு தமிழ் சலூன்காரத் தம்பியிடம் போய்க் கேட்டோம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு, கடை திறக்க ஒரு மணி நேரம் முன்னால், வானொலியை நிறுத்தி, கத்தரிக்கோலால் மட்டும் வெட்டுகிறார். முதல் நாள் ஒரு பிள்ளை கதிரையில் ஏறவே இல்லை. நிலத்தில் இருந்து விளையாடிக்கொண்டிருந்தான். தம்பியும் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து பாதித் தலையை வெட்டினார். மீதியை அடுத்த ஞாயிறு வெட்டினார். அந்த ஒரு வாரமும் பிள்ளை பாதி வெட்டிய தலையோடுதான் பள்ளிக்குப் போனான்.

பெற்றோர் நாலு பேர் சேர்ந்து என்ன பண்ண முடியும் என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். 1962இல் இதே லண்டனில் சில பெற்றோர் கூடித் தொடங்கியதுதான் இன்றைய தேசிய ஆட்டிசச் சங்கம். அவர்களில் ஒருவர் லோர்னா விங். மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள மகளின் தாய். 1965இல் ஈலிங்கில் சொந்தமாகப் பள்ளி திறந்தார்கள். அப்போது ஒரு பிள்ளையைப் ‘படிப்பிக்க முடியாதவன்’ என்று சட்டப்படி ஒதுக்க முடிந்தது. 1970இல் வந்த சட்டம் 1971 ஏப்ரலில் அமலுக்கு வந்தபிறகுதான் இங்கிலாந்தில் எல்லாப் பிள்ளைக்கும் பள்ளி உரிமையானது.

கடைசியாக நல்லூர். போங்கள். டி.எல்.ஏ. வந்துகொண்டிருந்தால் 13 வாரம் வரையான தற்காலிகப் பயணத்தால் அது நிற்காது, ஆனால் போவதை அறிவித்துவிட்டுப் போங்கள். கவுன்சில் கடிதங்களைத் திறந்து படம் எடுத்து அனுப்ப ஒருவரை வைத்துவிட்டுப் போங்கள். நான் சொன்ன அந்த 15 நாள் நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதும் ஓடும். விமான நிலையத்தில் சூரியகாந்திப் பூப் போட்ட பச்சைக் கழுத்துப்பட்டி கேளுங்கள். 2016இல் கட்விக்கில் தொடங்கியது. அதைக் கண்டால் ஊழியர்கள் அவசரப்படுத்த மாட்டார்கள். விமானக் கம்பனிக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னால் உதவி தேவை என்று சொல்லிவையுங்கள். அவன் சாப்பிடும் பிஸ்கட்டை, அதே கம்பனி, அதே நிறப் பைக்கற்றில், எண்ணிக்கையை இரண்டால் பெருக்கிக் கொண்டுபோங்கள்.

அம்மாவுக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்: கூப்பிட்டால் வரமாட்டான், கட்டிப்பிடித்தால் கத்துவான், கோபம் இல்லை. பார்க்க வருகிற சனத்தை முதல் மூன்று நாளைக்கு நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். திருவிழா 25 நாள் நடக்கும், தேருக்குத்தான் போக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. முதல் வாரத்தில் ஒரு விடியற்காலை, சனம் சேர முதல், காதுக்குச் சத்தம் மறைக்கும் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு வெளிவீதி மணலில் இறக்கிவிடுங்கள். மேளம் தொடங்கினால் விலகி நடக்க இடம் இருக்கும். உள்ளே போவதென்றால் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், பையனுக்கும் சொல்வார்கள். உடுப்பு மாற்றுவதென்றால் என் மகன் வீட்டையே இரண்டாக்குவான், நாங்கள் நல்லூருக்குப் போனபோது என்ன நடக்கப்போகிறதோ என்று நான் நடுங்கிக்கொண்டு நின்றேன். அவன் சட்டையைத் தானே கழற்றி என் கையில் தந்துவிட்டு உள்ளே போனான். லண்டனுக்குத் திரும்பிய பிறகு இரண்டு கிழமை அவனுக்குச் சட்டை போடுவதுதான் பெரும் பாடாகிவிட்டது.